மூச்சடக்கி இழுத்த மருந்துக் காற்று

மச்சான், நேற்று எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன். நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடியுங்கள் தாத்தா என்றாள் அங்கிருந்த பெண். என்னால் பிடிக்க முடியவில்லை. நீங்கள்தான் கண்முன் வந்து நின்றீர்கள்.

உலக யுத்தம் முடிந்த சமயம் அது. நம் திரேஸ்புரத்தில் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களில் உங்களைப்போல மூச்சடக்கி அடியில் தங்கக்கூடியவர் எவரும் இல்லை. நீங்கள் முங்கினால் தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பது நான். அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது, கயிற்றை விடமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்வீர்கள்.

அப்புறம் உங்களுக்கு இரைப்பு வந்தது. கடலுக்குப் போக முடியாத கோபத்தில் வீட்டுச் சட்டி பானைகளைப் படாத பாடு படுத்தினீர்கள். துறைமுகத்துப் பக்கம் புதிதாக வந்திருந்த டாக்டர், ரேடியக் கல்லிலிருந்து கிளம்பும் காற்றை இழுத்தால் நெஞ்சு சரியாகும், மறுபடி சங்கு குளிக்கலாம் என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, பாவம். எதிலோ படித்ததை நம்பி அவரும் தினமும் இழுத்தார்; உங்களோடு வேறு சில இரைப்புக்காரர்களும் இழுத்தார்கள். ரப்பர்க் குழாயில் இழுத்தவுடனே விட்டுவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். நீங்கள் எங்கே கேட்டீர்கள்? கடலடியில் இருப்பதுபோல அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். போதும் விடுங்கள் என்று நான் பதறினேன்.

“வெளிய விட்டா மருந்துல்லா வீணாப் போவும், மாப்ள?”

சில வருஷங்களில் இருமலோடு ரத்தம் வந்தது. பாயோடு படுத்துவிட்டீர்கள். ஒரு மத்தியானம் டாக்டரே வந்து உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழாய் இருந்த அறையில் அவர் வளர்த்த முயல்கள் மூச்சுத் திணறிச் செத்தனவாம். அறுத்துப் பார்த்ததில் நுரையீரல் புண்ணாகிக் கிடந்ததாம். காற்று வெளியே வந்தாலும் அதிலிருந்து பிறக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசு உள்ளே ஒட்டிக்கொள்ளுமாம்; அடக்க அடக்க அதிகம் தங்குமாம். முயலுக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்றார். உங்கள் நோய் அதனால்தானா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் மூச்சு வாங்க வாங்கக் கேட்டீர்கள்:

“மத்த பயலுவளுக்குச் சொல்லியாச்சா, ஐயா?”

இன்னும் இல்லை என்றார். என்னைப் பார்த்து, அவரோடு போ என்று கையசைத்தீர்கள். குழாய் இழுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அன்றைக்கே போய்ச் சொன்னோம். பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. நீங்கள் அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

எனக்கு ஒரு கெடுதல் நடந்தால் இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. நீங்கள் கேட்டது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. பிந்தியாவது எழுந்து போய், அது மற்றவர்களுக்கும் நேராமலிருக்கச் சொல்லிவிடுகிறேன், மச்சான்.