வெள்ளச் செய்தி யாருடையது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் தணிந்ததா?

இங்கே கார்க் நகரில் வெள்ளம் வடிந்துவிட்டது, கவலைப்படாதீர்கள். எங்கள் சின்ன வானொலி மூன்று நாள் விளம்பரங்களை நிறுத்திவிட்டு, எந்தப் பாலம் மூடியிருக்கிறது, குடிநீர் எங்கே கிடைக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று விசாரித்து வந்தவள் நான்தான்.

உதவிப் பணம் கேட்டு நாங்கள் விண்ணப்பித்திருந்த அரசு நிதிக்குழுவின் பதில் நேற்று வந்தது. முதலாளி டெக்லன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நாம வியாபார வானொலியாம், கிராணியா. பொதுச்சேவைக்கான அரசுப் பணம் நமக்குக் கிடையாதாம். செய்திப் பிரிவை மூடுறதத் தவிர வேற வழியில்ல."

வேறு வேலை தேடுகிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்.

அந்த அரசுப் பணத்தில் நடக்கும் தேசிய வானொலியில் வெள்ளச் செய்தி பிரமாதம் என்று எழுதியிருந்தீர்கள். அது நான் சேகரித்தது, அப்பா. கேட்டார்கள், கொடுத்தேன். எங்கள் பெயரைச் சொல்லவேயில்லை. இனி அவர்களைப் பாராட்டி எனக்கு எழுதாதீர்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கிராணியா