களவெட்டியில் சொல்லாத சொல்

பதுளை
3.2.1957

அன்பு மச்சான் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாகாமத்து வயலில் பன்றி இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊருக்குத் திரும்பும் தோட்டத்துரையிடம் வாங்கிய துவக்கை லொறியில் அனுப்புகிறேன். இது நம் பழைய ஒற்றைக்குழல் இல்லை. ஒன்று வெடித்ததும் அடுத்த குண்டு தானாக ஏறிவிடும். குண்டுப்பெட்டியைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று மிஞ்சும். தண்டை இழுத்து, கண்ணால் பார்த்து, ‘வெறுந்துவக்கு’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். விளங்கியதென்று பதில் போடுங்கள்.

உங்கள் மச்சான்
மசூர்

சாய்ந்தமருது
21.2.1957

மசூர் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். துவக்குக்கு ஒரு பக்கம், உங்கள் தங்கச்சி றாஹிலாவின் இருமலுக்கு ஒரு வரிகூட இல்லை! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பன்றி ஒன்று விழுந்தது. நெல்லறுத்துச் சூடடிக்கத் தொடங்கிவிட்டோம். உங்கள் தம்பி ஷரிபுதீனும் என்னோடுதான் நிற்கிறான். ஆனால் சூடடிக்கும் களவெட்டியில், குவித்த நெற்பொலிக்கு முன்னால் நின்று ‘வெறும்’ என்று சொல்லச் சொல்கிறீர்களே, பதுளைக் குளிரில் வயல்முறை மறந்துபோயிற்றா? அந்தச் சொல் வாயில் வந்தால் பொலி குறைந்துவிடும் என்று உங்கள் உம்மா தன் வீட்டில் எனக்குச் சோறு போடமாட்டா. பயப்படாதீர்கள், துவக்கு எனக்குப் புதிதல்ல.

உங்கள் மச்சான்
காலிதீன்

பதுளை
10.3.1957

மச்சான்,

தந்தி கிடைத்தது. ஷரிபின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பிறகு உம்மாவின் கடிதம் வந்தது. அவனே துவக்கை எடுத்து விளையாடினானாம். பொலிசிலும் அப்படியே சொன்னானாம். நான் இத்தனை எழுதியும்! இருபத்திரண்டு வயதில் என்ன விளையாட்டு? அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் பின்வாங்கியதில் குற்றமே இல்லை. அவன் முகத்தில் விழிக்க நான் வரமாட்டேன். இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மசூர்

சாய்ந்தமருது
15.3.1957

மசூர் மச்சான்,

வாசித்துக் காட்டவில்லை. அதற்கு எனக்கு வாயில்லை.

அவன் துவக்கை எடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். பன்றியை விரட்டிவிட்டு வந்து, குண்டுப்பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பொலிக்குப் பக்கத்தில் நின்ற அவன் கையில் பேசாமல் கொடுத்தேன். உள்ளே மிஞ்சியிருந்த ஒன்று அவன் காலில் வெடித்தது. அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தால், சொல்வதற்கு முன் திறந்து பார்த்திருப்பேன்.

வண்டிலில் கிடக்கும்போதே அவன் சொன்னான்: “நான்தான் எடுத்தன் எண்டு சொல்லுவம் மச்சான். உம்மா உங்கள ஊட்ட உட்டு அனுப்பினா றாஹிலா ராத்தா என்ன செய்வா?” நானும் ஓம் என்றேன். பத்து நாளாக அவன் ஏச்சு வாங்குகிறான். நான் உம்மா போடும் சோற்றைத் தின்கிறேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

இன்று பொலிசில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு உம்மாவிடம் சொல்லப் போகிறேன். என் சாரன்களை மடித்து வைத்துவிட்டேன். ஏனென்று றாஹிலா கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

வந்து ஷரிபைப் பாருங்கள். நீங்கள் வரும்போது நான் அந்த வீட்டில் இருக்கமாட்டேன்.

காலிதீன்