தேர்வில் சிந்திய சொட்டு

இன்று காலை ரிசார்ட்டில் அறை துடைக்கப் போன இடத்தில், யாரோ குடிக்காமல் விட்டுப்போன கறுப்பு டீ ஆறிக் கிடந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாசக்கணக்கில் நம் வீட்டில் அடித்த வாசனையல்லவா?

கடல் ஊருக்குள் வந்து நம் படகையும் உன் தம்பியையும் கொண்டுபோன பிறகு, "செத்தாலும் இனிமே கடல்ல கால வெக்க மாட்டேன்மே" என்றாய். சரி, வேறு என்னய்யா தெரியும் உனக்கு? மாமல்லபுரம் பக்கம் ஒரு ஓட்டலில் பாருக்கு ஆள் தேடினார்கள். லைசென்ஸ் வாங்கின பார், கண்டவர்களை நிற்க வைக்க முடியாது, பத்தாவது தேறியிருக்க வேண்டும், பயிற்சி முடித்த சர்டிபிகேட்டும் வேண்டும் என்றார் மேனேஜர். கடலால் நொந்தவர்களுக்குச் செங்கல்பட்டில் இலவச வகுப்பு நடந்தது. பத்தாவது நீ எப்போதோ தேறியிருந்தாய், சர்டிபிகேட்தான் பாக்கி. நம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், மீசை முளைக்காத பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாய்.

வகுப்பில் நிஜச் சரக்கைக் கண்ணில் காட்டவில்லை. தண்ணீர், இல்லையென்றால் டீ டிகாக்ஷன். வீட்டிலும் பழைய ரம் பாட்டிலில் டிகாக்ஷனை நிரப்பி, இருமல் மருந்து மூடியை அளவாக வைத்துக்கொண்டு, "சின்ன பெக் முப்பது, பெரிய பெக் அறுபது" என்று முணுமுணுத்தபடி ஊற்றுவாய். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாமே, உன் வூட்டுக்காரரு பட்டப்பகல்லயே ஊத்திகினு கீறாரு?" என்றாள்.

"டீத் தண்ணிதான். உனுக்கு ஒரு பெக்கு வேணுமா?" என்றேன். நீ சிரித்தாய். அந்த வருஷத்தில் நீ சிரித்தது அப்போதுதான்.

தேர்வு முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாய்.

"இன்னாய்யா ஆச்சு?"

"போச்சுமே. சீல் ஒடைக்காத பாட்டில குடுத்தாங்க. மூடியத் தொறந்தேன். கை தானா சாஞ்சிடுச்சி. கீழ ஊத்திட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. நம் கரையில் புது பாட்டில் திறந்தால் முதல் சொட்டு தரைக்கு. கடலில் போனவர்களுக்கு. தம்பி போன பிறகு நீ சரக்கைத் தொடவே இல்லை. அவன் போன பின் நீ திறந்த முதல் பாட்டில் அது.

"பாருல ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு கீது, தரையில ஊத்துறவன எப்படி நிக்க வெக்கிறதுன்னு பரிச்ச வெச்சவரு கேட்டாரு."

"தம்பிக்குன்னு சொல்ல வேண்டியதுதானேய்யா?"

"இன்னான்னு சொல்றது? சிரிப்பானுங்க."

மழை விட்டதும் மறுபடி தேர்வு வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மழை விடும்வரை பிள்ளைகள் எதைத் தின்னும்? நிவாரண அரிசி தீர்ந்திருந்தது. ஒரு விடியற்காலை, என்னை எழுப்பாமலே அடுத்தவன் படகில் ஏறிவிட்டாய். செத்தாலும் போக மாட்டேன் என்றவன் போனாய். படகு வந்தது. நீ வரவில்லை. கரையில் புரண்டு உன்னைத் திட்டினேன், உன் தம்பியைத் திட்டினேன். ஒரு சொட்டுக்காக அண்ணனையே கூப்பிட்டுக்கொண்டானே, பாவி! இன்றைக்கும் அவனை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

போன வாரம் இங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "உன் வூட்டுக்காரரு இன்னாக்கா வேல பாத்தாரு? கடலுக்கா போனாரு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பாருல ஊத்துறதுக்குப் படிச்சவரு" என்றேன்.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். கேட்கிற எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடலுக்குப் போனவன் என்று உன்னைச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறதய்யா.