படகில் எழுதிய பாஸ்வேர்டு

திருவேட்டக்குடி
4.8.2025

திரு. சிவபாலன் அவர்களுக்கு,

பாரதிப்ரியா எழுதுவது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டதால், நான் வந்து தங்கியிருக்கும் அம்மா வீட்டுக்கு மீன் கொண்டுவரும் நம் ஊர் காசியம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் பணம் கட்டி எடுத்த சினிமா ஆப்பில் என் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இருக்கிறது. மூன்றாவதாக ‘பாப்பா’ என்று ஒரு பெயர் எப்படி வந்தது? தினமும் காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் அதில் பொம்மைப் படம் ஓடுகிறது. எந்த போன் என்று தேடிப் பார்த்தால் நாகப்பட்டினம் என்று காட்டுகிறது. மாதத்தில் பாதி நாள் நீங்கள் மீன் இறக்குவதும் அங்கேதான்.

எட்டு வருடமாக எத்தனை டாக்டர், எத்தனை கோயில்! நம் வீட்டில் இல்லாத பாப்பா நாகப்பட்டினத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கருக்களாச்சேரிப் பஞ்சாயத்தார் முன்னால் இதைக் கேட்கப்போகிறேன். அதற்குள் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாரதிப்ரியா

கருக்களாச்சேரி
5.8.2025

அன்புள்ள பாரதிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்கு நாகப்பட்டினத்தில் வீடும் இல்லை, பாப்பாவும் இல்லை. மீனை இறக்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவன் நான்.

செல்போன் கடை கலைவாணனிடம் ஓடினேன். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டான். படகு நம்பர் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். “அண்ணே, அதைத்தான் படகுல ரெண்டு பக்கமும் முழ உயரத்துக்கு எழுதி வச்சிருக்கீங்களே! துறைமுகத்துல நிக்கிற யாரு வேணாலும் உள்ள பூந்துடலாமே” என்றான். அதோடு போட வேண்டிய என் போன் நம்பரும் ஐஸ் கம்பெனியிலிருந்து ஏலக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும்.

இன்று புதுப் பாஸ்வேர்டு போட்டுவிட்டோம். பதினாறு எழுத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. உள்ளே இருந்த எல்லா போனையும் வெளியேற்றியாயிற்று. இனி பாஸ்வேர்டு தெரிந்தாலும் என் போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அது யார் என்பது தானாக வெளியே வந்துவிடும். அதுவரை பொறுத்துக்கொள்.

உன்
சிவபாலன்

திருவேட்டக்குடி
6.8.2025

திரு. சிவபாலன் அவர்களுக்கு,

யாரைக் கேட்டு எல்லாவற்றையும் அழித்தீர்கள்? நாகப்பட்டினம் என்று காட்டிய அந்த ஒரு வரிதான் என் கையில் இருந்த சாட்சி. பூட்டுப் போடுகிறேன் என்று அதையும் துடைத்துவிட்டீர்கள். நல்ல சாமர்த்தியம்!

என்னையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளியிருக்கிறீர்கள். உள்ளே போக நான் உங்களிடம் ஓடிபி கேட்டு நிற்க வேண்டுமாம். அந்த வீட்டுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

“ஏம்மா இப்படி எளச்சுப்போயிட்டே?” என்று காசியம்மா கேட்கிறது. வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பாரதிப்ரியா

கருக்களாச்சேரி
7.8.2025

பாரதிக்கு,

நாளை விடியற்காலை படகு கிளம்புகிறது. நான்கு நாள் கடல். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கமாட்டேன், ஓடிப்போனதாக நினைக்காதே. ஐந்து குடும்பத்தின் பிழைப்பு அந்தப் படகில் இருக்கிறது.

இந்தத் தாளில் டேப் போட்டு ஒட்டியிருப்பது என் சிம். பின்பக்கம் பாஸ்வேர்டு எழுதியிருக்கிறேன். கடலில் எனக்கு வயர்லெஸ் போதும். இனி ஓடிபி உனக்குத்தான் வரும். என்னை யார் கூப்பிட்டாலும் நீதான் எடுப்பாய். அப்படி ஒருத்தி இருந்தால் நான்கு நாளில் ஒருமுறையாவது கூப்பிடாமல் இருக்கமாட்டாள்.

குழந்தை இல்லை என்று இந்த எட்டு வருடத்தில் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதை நீ மறந்ததுதான் எனக்கு வலிக்கிறது.

சிவபாலன்

கருக்களாச்சேரி
10.8.2025

என் அன்பு மாமாவுக்கு,

நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் ஒரு மணிக்கு உங்கள் சிம்முக்கு போன் வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், பின்னால் குழந்தை அழுகிறது.

“அண்ணே, அஞ்சுகம் பேசுறேன். நாலு நாளா பொம்மைப் படம் வரல. அது ஓடலன்னா பாப்பா வாயத் தொறக்க மாட்டேங்குது. அண்ணியக் கேட்டுச் சொல்லுங்கண்ணே, அவங்கதானே போட்டுக் குடுத்தாங்க” என்றாள்.

காசியம்மா மகள் அஞ்சுகம், மாமா. நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தவள். மாசி மாதம் ஊருக்கு வந்தபோது, குழந்தை சாப்பிட அடம் பிடிக்கிறது என்று நம் வீட்டுக்கு வந்தாள். அவள் போனில் ஆப்பைப் போட்டது நான். ‘பாப்பா’ என்று எழுதியது நான். “படகு நம்பர்தான், போட்டுக்க” என்று சொன்னதும் நான்தான். சுத்தமாக மறந்துபோனேன். ஒரு வார்த்தை காசியம்மாவிடம் பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்று காலை பஞ்சாயத்தார் முன்னால் நின்று, என் தப்பைச் சொல்லிக் கும்பிட்டேன். “இத எங்ககிட்ட ஏம்மா சொல்றே? புருசன் வந்ததும் அவன்கிட்ட சொல்லு” என்று தலைவர் எழுந்துபோனார். சொல்கிறேன். நீங்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அஞ்சுகத்துக்கு நானே ஓடிபி படித்துச் சொன்னேன். ‘பாப்பா’ என்ற பெயரை அழிக்கவில்லை. நம் வீட்டில் அந்தப் பெயர் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் காசியம்மாவிடம் கொடுக்கவில்லை. நாளை நீங்கள் கரையேறும்போது, சிம்மோடு சேர்த்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஐஸ் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் நிற்பேன். படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டாலும் நிற்பேன்.

உங்கள்
பாரதி