மூன்று தடவை கட் பண்ணினேன்

சேசு மரி சூசை துணை

6.11.2007

அன்பு மகன் ரெமிஜியஸுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய், முதல் வரியிலேயே பொய் வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டிவலி எப்போதும் உள்ளதுதான். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குத் தபால் போடுகிறாள் என்று பயந்துவிடாதே. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. முழுக்கப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

சம்பா நடவு முடிந்துவிட்டது, மழையும் இதுவரை கெடுக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் சாமந்தி மாலை போட்டு உன் பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், காற்றில் நிற்பேனா என்றது, மூன்று தீக்குச்சி ஆயிற்று. இங்கே இப்போது போன் இல்லாத ஆளே இல்லை. நடவுக்கு வரும் ராமாயிகூட சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருக்கிறாள். சைக்கிள் வாடகைக்கு விட்ட முகம்மது யூசுப் கடையில் இப்போது போன் உறையாகத் தொங்குகிறது. தினம் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டுப் பாட்டு வேண்டுமா என்கிறாள், வேண்டாம்மா, நீ சாப்பிட்டியா என்று கேட்டால் காதிலேயே வாங்காமல் பேசிக்கொண்டே போகிறாள். அது பதிவு பண்ணின குரல் என்று யூசுப் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும், யார் கூப்பிட்டாலும் நான் எடுத்துவிடுகிறேன், எடுக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் அப்பாவுக்கும் இருந்த வழக்கம் உனக்குத் தெரியும். வயலிலிருந்து புறப்படும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், உலை வை என்று அர்த்தம். நான் சிவப்புப் பொத்தானை அமுக்குவேன், சரி தெரிந்தது என்று அர்த்தம். எடுத்துப் பேசிவிட்டால் பேலன்ஸ் போய்விடும் என்று திட்டுவார். பேசாமலே பேசிக்கொள்ளலாமே, இதைக் கண்டுபிடித்தவன் மகராசன் என்று நானே உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன். போன வருஷம் அந்த நாள் காலையிலும் அடித்தார். கட் பண்ணினேன். மறுபடி அடித்தார், மறுபடி கட் பண்ணினேன். மூன்றாவது தடவை, இந்த மனுசனுக்குப் பசி வந்தா பத்தும் பறந்துடும்னு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கட் பண்ணிவிட்டு அரிசி களைந்தேன். சோறு வெந்து வடித்து ஆறியும் போயிற்று, அவர் வரவில்லை. எடுத்திருந்தால் குரல் கேட்டிருக்கும் அல்லவா. இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

நீ விமானம் பிடித்து வந்து இறங்கினதும் அத்தனை பேர் நடுவில் பஞ்சநதம் மாமாவைப் பார்த்து, பக்கத்து வயல்லதானே நின்னீங்க, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவர விட்டுட்டுப் போயிட்டீங்களே, நீங்கல்லாம் மனுசனா என்று கேட்டாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. பழி அந்தப் பக்கம் போகிறதே, போகட்டும் என்று இருந்துவிட்டேன், அதுதான் உண்மை.

இந்த நடவின்போது ராமாயி கையில் ஏதோ தட்டுப்பட்டது என்று சேற்றிலிருந்து எடுத்தாள், அப்பாவின் போன். நத்தை ஒட்டியிருந்தது. கழுவிக் கொடுக்கும்போது வரப்பில் நின்ற பஞ்சநதம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அப்புறம்தான் சொன்னார். அன்றைக்கு அப்பா உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஓடிவந்து, வண்டி கொண்டாரட்டா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அப்பா, வாயுதான்யா, வீட்டுக்கு ஒரு தடவைக்கு மூணு தடவ அடிச்சிட்டேன், அவ கட் பண்ணிட்டா, சேதி போயிடுச்சு, இப்ப வந்துடுவா, நீ போயி மடையப் பாரு என்றாராம். நான் கட் பண்ணினதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார், தம்பி. இதை முன்னமே ஏன் சொல்லலை அண்ணே என்றேன். தகப்பனை இழந்து நிக்கிற புள்ளகிட்ட தாயையும் காட்டிக்குடுக்கச் சொல்றியா, ரெண்டு பேரும் இல்லாம போயிடுவான் என்றார். வருஷம் முழுக்க உன் ஏச்சைச் சுமந்த மனுஷன், பொங்கலுக்கு நீ வரும்போது உன் கண்ணில் படாமல் திருவாரூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்கிறார். அவர் போகக்கூடாது. கல்லறைக்கு வெள்ளையடித்ததும் அவர்தான், நான் இல்லை.

யூசுப் அந்தப் போனைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதுக்கு இனி உசிரு வராதும்மா என்று பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். முதலில் நீ பஞ்சநதம் மாமாவுக்குப் போன் பண்ணு. மிஸ்டு கால் கொடுக்காதே, அவர் எடுக்கும்வரை அடி, வாய் திறந்து பேசு. மன்னிப்புக் கேட்பது உனக்கு வராது, அப்பாவைக் கொண்டு பிறந்தவன். சும்மா மாமா என்று கூப்பிட்டால் போதும், அவருக்குப் புரியும்.

வெயிலில் வேலைக்குப் போகும்போது தலையில் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, சப்பாத்தியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன் போக்குவரத்தைக் காப்பாராக, உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இதைப் படித்துவிட்டு என்னோடு பேச உனக்கு மனம் வராமல் போகலாம். வற்புறுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் எப்போதும் போல ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு, நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று, முதல் மணியிலேயே நான் எடுத்துவிடுவேன். உன் காசு போனால் போகட்டும்.

உன்னைப் பெற்றவள்
அமலோற்பவம்