அண்ணன் கட்டிய பண்டல்

4 ஆகஸ்ட் 2008, திங்கள்

ஆடிக் காற்று. ஷெட் கதவுக்கு முட்டுக் கொடுத்தும் நிற்கவில்லை. மேஜையெல்லாம் மண். காலையிலிருந்து கரண்ட் இல்லை. சால்டரிங் ராடுகள் ஆறிக் கிடக்க, பெண்கள் எட்டுப் பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் அண்ணன் காதர்பேட்டை மொத்தச் சந்தையிலிருந்து வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மிணி, டி.வி. கேம் மட்டும் போட்டுட்டிருந்தா இனிப் பத்தாது. கையில வச்சு ஆடறது போடோணும். கரண்டே வேண்டாம், பென்சில் பேட்டரி போதும். சரக்கெடுக்க வந்த நாக்பூர்ச் சேட்டு சொல்றாரு."

சேட்டு சொல்கிறாராம்!

சித்திரையில் இதையேதான் நான் சொன்னேன். இதே மேஜையில். கரண்ட் இல்லாத ஊரில் டி.வி. கேம் எதற்கு? கரண்ட் இருந்தாலும் சாயங்காலம் டி.வி. சீரியலுக்குப் போய்விடும். லைன் வீட்டில் ஒரே ரூம், ஒரே டி.வி. பிள்ளை எப்போது ஆடும்? அப்போது இவர் என்ன சொன்னார்? சீனாச் சரக்கு பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்திலேயே கிடக்கிறது, நாம் எதற்கு? டி.வி. கேமில் லாபமே கேசட்டில்தான், கை கேமில் கேசட் ஏது? அந்தக் கேசட் பேச்சில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். டி.வி. கேம் வீட்டுக்கு ஒன்றுதான். கை கேம் பிள்ளைக்கு ஒன்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் போன் வந்தது என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது அதே வார்த்தை காதர்பேட்டையைச் சுற்றிக்கொண்டு வந்ததும் இனிக்கிறது.

கேஸ் புக் பண்ண வேண்டும். பாப்பாவுக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்தது வாங்கவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

கரண்ட் காலையில் போனது, மதியமும் போனது.

அண்ணன் கை கேமுக்குத் திட்டம் போடுகிறார். எப்படி? பனியனுக்குப் போடுவது போல. அப்பாவின் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடம் இருந்தவர். ஆர்டர் குறைந்து அதை மூடிவிட்டுத்தான் இருவரும் பங்காக இந்த டி.வி. கேம் ஆரம்பித்தோம். டெல்லியிலிருந்து போர்டு, கோயம்புத்தூரிலிருந்து பிளாஸ்டிக் கூடு, முதலிபாளையம் ஷெட்டில் அசெம்பிளி. ஆனால் அவர் தலைக்குள் இன்னும் பனியன்தான் ஓடுகிறது.

இன்று கேட்டது: டஜனில் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம். பிறகு, ஸ்மால், மீடியம், லார்ஜ் மூன்று சைஸிலும் போடலாமா என்று.

"எதுக்குங்ணா மூணு சைஸு?"

"சின்னப் பையனுக்குச் சின்னக் கை."

சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா? ஸ்கிரீன் எங்கே வாங்குவது, எத்தனை உடையும், யார் ஒட்டுவது, ஒரு கேள்வி இல்லை. ஆடியில் புதிதாக எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாயப்பட்டறையிலிருந்து வந்த அலுப்பு. "உங்க அண்ணன் தங்கச்சி விசயம்" என்று டி.வி.யைப் போட்டுக்கொண்டார். எல்லாரும் நல்லவர்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்

லேசாகத் தூறல். டெல்லி சாமான் வந்துவிட்டது. ஒரே சைஸ். அதற்கே ஒரு வாரம் சண்டை.

ஸ்கிரீன் அப்பளம் மாதிரி. விரலால் அழுத்தினாலே பயமாக இருக்கிறது. ஜெயாவிடம் கொடுத்தேன். சாத்தான்குளத்துப் பெண், வேதக்கார வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச், இங்கே வந்து இரண்டு வருடம். ஷெட்டில் நிதானமான கை அவளுடையதுதான். ஒவ்வொன்றையும் பேட்டரி போட்டு, ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறாள். மற்றவர்கள் அவளை ஓட்டுகிறார்கள், சம்பளம் வாங்கி விளையாடுகிற ஒரே ஆள் என்று.

எனக்கும் ஒன்றை எடுத்து ஆடிப் பார்க்க ஆசை. ஆடினேன். கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை, நான் ஆட்டத்தை விடவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

30 ஆகஸ்ட், சனி

முதல் சரக்கு நாக்பூருக்குப் போயிற்று, சேட்டின் கடைக்கு. பிடித்திருந்தால் தீபாவளிக்குப் பெரிய ஆர்டர்.

நான் பாங்குக்குப் போய்விட்டு வருவதற்குள் லாரி ஆபீசுக்கு அனுப்பியாயிற்று. அண்ணனே நின்று பேக்கிங் பார்த்தாராம். வெயில், தலைவலி. செருப்பு வார் அறுந்துவிட்டது.

5 செப்டம்பர், வெள்ளி

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

காலையில் சேட்டு போன். பாதிக்கு மேல் ஸ்கிரீன் செத்துப்போயிருக்கிறதாம், மை கொட்டினது போலக் கறுப்பு. திருப்பி அனுப்புகிறார்.

அண்ணன் போனை வைத்துவிட்டு நேரே ஜெயா மேஜைக்குப் போனார். எல்லார் முன்னாலும். விளையாட்டுப் புத்தி, வேலையில் கவனம் இல்லை, ஊர் விட்டு ஊர் வந்தால் இப்படித்தான், இன்னும் என்னென்னவோ. நாளையிலிருந்து வர வேண்டாம், கணக்கை அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று முடித்தார்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துதாம்க்கா வச்சேன். என்னைய ஏன்க்கா சொல்லுதாக?"

நான் நடுவில் பேசினேன். சரக்கு திரும்பி வரட்டும், பார்த்துவிட்டுப் பேசலாம் என்று. காதிலேயே விழவில்லை. கை கேம் இத்தோடு முடிந்தது, நம் ஆட்களுக்கு நுணுக்க வேலை வராது, பழையபடி டி.வி. கேம் போதும் என்று ஷெட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். சேட்டு சொன்னால் உண்டு, சேட்டு திட்டினால் இல்லை. என் பங்கு என்று ஒன்று இருப்பது இவருக்கு எப்போதுதான் ஞாபகம் வரும்?

சாப்பிடவில்லை. பாப்பா மட்டும் கேட்டது, ஏம்மா உர்ருன்னு இருக்கே என்று.

12 செப்டம்பர், வெள்ளி

பண்டல் வந்தது. அண்ணன் இல்லாத நேரம். நானே பிரித்தேன். சேட்டு பார்த்துவிட்டு அதே சாக்கில், அதே வரிசையில் அடுக்கித் திருப்பியிருந்தார்.

சாக்கைப் பார்த்ததுமே புரிந்தது. பனியன் பண்டல்! டஜன் டஜனாக அடுக்கி, சாக்கில் சுற்றி, மேலே ஏறி மிதித்து, கயிற்றை இழுத்து இறுக்கிய தடம். லாரிக்காரன் பண்டல் பருமனைப் பார்த்து வாடகை கேட்பான், அதனால் மிதித்து மிதித்துச் சின்னதாக்குவது அப்பா காலத்துப் பழக்கம். பனியன் தாங்கும். டி.வி. கேம் கூடும் எப்படியோ தாங்கியது. அப்பளம் தாங்குமா?

கயிறு ஓடிய இடமெல்லாம் பெட்டி நசுங்கல். மேல் வரிசையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஓரத்தில் இருந்தவை அத்தனையும் வேலை செய்கின்றன. மேல் பெட்டி ஒன்றில் குதிகால் பதிந்த பள்ளம், சாக்கின் மேலே அதே இடத்தில் செருப்பு அச்சு.

லோடுமேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் கட்டுலீங்க. அண்ணன்தானுங்க ஏறி நின்னு கட்டுனாரு. என்ற கட்டு மாதிரி ஒருத்தனுக்கும் வராதுன்னாருங்க."

ஜெயாவுக்கு ஆள் அனுப்பினேன், நாளைக்குக் கட்டாயம் வரச்சொல்லி.

13 செப்டம்பர், சனி

காற்று நின்று புழுக்கம்.

சம்பள நேரம். எல்லாரும் இருந்தார்கள். ஜெயா வாசலுக்கு வெளியே, கணக்கு வாங்க வந்தவளாக.

தப்பிய சரக்கில் ஒரு டஜன் எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டு அண்ணன் கண்ணுக்கு நேரே காட்டினேன். எல்லாம் ஓடின. பெட்டியில் வைத்து, சாக்கில் சுற்றி, கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். "எப்பவும் போலக் கட்டுங்ணா."

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்குவாரா? ஏறினார். மிதித்தார். கயிற்றை இழுத்தார். உள்ளே நொறுங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நான் பிரிக்கவில்லை. ஜெயாவை உள்ளே கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். முதல் ஸ்கிரீன் கறுப்பு. இரண்டாவது கறுப்பு.

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சொன்னது இதுதான்: "ஒரு டஜனை வீணாக்கிப்போட்டயே அம்மிணி."

ஜெயா பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலைக்கு வரட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வரட்டுமாம்! பிச்சை போடுகிறார்.

15 செப்டம்பர், திங்கள்

வெயில். கறிவேப்பிலை, சோப்பு வாங்க வேண்டும். ஜெயா வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். ஸ்கிரீனைத் தொடவில்லை, அடாப்டர் வயர்தான் சுற்றினாள்.

பத்து மணிக்கு அண்ணன், என் எதிரிலேயே, சேட்டுக்குப் போன். கை கேம் மறுபடி உண்டாம். இனிமேல் கெட்டி அட்டைப் பெட்டி, பண்டல் கிடையாதாம். அது வரை சரி. பிறகு: "பேக்கிங் கொஞ்சம் டைட்டாயிருச்சுங்க சேட். பசங்க பண்ணுன வேலை. நாந்தான் உக்காந்து கண்டுபுடிச்சேன்."

எழுந்து போய் அவர் காதிலிருந்து செல்போனை எடுத்தேன். இத்தனை வருடத்தில் அண்ணன் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கியதில்லை.

"சேட், நான் தமிழ்ச்செல்வி பேசறேனுங்க. கண்டுபுடிச்சது நானுங்க. மிதிச்சது அவருங்க. இனி இந்தச் சரக்குக்கு என்கிட்டப் பேசுங்க."

 சேட்டு, தீபாவளிக்கு எத்தனை டஜன் முடியும் என்று கேட்டார். சொன்னேன்.

அண்ணன் கையை நீட்டினார், போனுக்கு.

"ஜெயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்ணா. அப்பறம் தர்றேன்."

சொல்லாமல் போய்விட்டார். அவர் போன் இதோ, இந்த நோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மறுபடி அடிக்கிறது. அண்ணன் வீட்டு நம்பர்.