ஆறாவது எஞ்சின்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் மகள் சுகம். காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகிறாள். உன் அண்ணிதான் தலை பின்னி விடுகிறாள். நீ பின்னுகிற மாதிரி இறுக்கமாக இல்லை என்று தினமும் ஒரு வழக்கு நடக்கிறது. அம்மாவுக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. மாப்பிள்ளையின் அடக்கத்துக்கு வர உனக்கு லீவு கொடுக்கவில்லை என்பதை அவளுக்குப் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். அதற்காக நீ உன்னையே நொந்துகொள்ளாதே.

கடிதத்தில் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குச் சுரங்கத்தில் என்ன நடந்தது, எதையும் மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அன்று காலை ஷிப்டில் மாப்பிள்ளையும் மேஸ்திரியும் வெடிக்காரரும் அடித்தளத்தில் இருந்தபோது பழைய குடைவின் சுவர் உடைந்து தண்ணீர் புகுந்தது. மற்றவர்கள் ஏறி வந்துவிட்டார்கள். இவர்கள் மூவரும் வழி அடைபட்டு, உள்ளே ஒரு மேட்டில் ஒதுங்கிக்கொண்டார்கள். காற்றுக் குழாயில் கல்லால் தட்டும் சத்தம் மேலே கேட்டது. மும்மூன்றாகத் தட்டினார்கள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தண்ணீர் இறைக்கிற பெரிய பம்பு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுழற்றுகிற எஞ்சின் முந்தைய வாரமே வெடித்து உட்கார்ந்துவிட்டது. வேறு எஞ்சின் லாரியில் வர மறுநாள் காலை ஆகும் என்றார்கள். சின்ன பம்புகளுக்கு அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தள்ளத் தெம்பு கிடையாது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஊரில் இருக்கிற சின்ன எஞ்சின்களை எல்லாம் கொண்டு வாருங்கள், பம்பைச் சுழற்றுகிற ஒரே ஷாஃப்டில் பெல்ட் போட்டுக் கட்டி, எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கவைக்கிறேன் என்றேன்.

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. மாவு மில்லுக்காரம்மா மில்லை நிறுத்திவிட்டுத் தன் எஞ்சினைக் கழற்றிக் கொடுத்தாள். மர அறுவைக்காரர் ஒன்று, ஐஸ் கம்பெனியில் ஒன்று, படகுக்காரர் ஒன்று. சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது அதன் முதலாளியைப் போலவே இருமிக்கொண்டு வந்தது. அந்த நேரத்திலும் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஐந்தும் ஐந்து வேகம். ஒன்று முந்தினால் மற்றவை சும்மா சுற்றும், ஒன்று பிந்தினால் மற்றவை அதையும் சேர்த்துச் சுமக்கும். காதை வைத்துக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் திருகி ஒத்துப்போக வைத்தேன். நடுப்பகலில் பம்பு தண்ணீரைக் கக்கியது. என் ஆயுசில் அதைப் போல ஒரு வேலை நான் செய்ததில்லை.

ஆனால் தண்ணீர் இறங்கவில்லை. சுவரில் கிழித்த சாக்பீஸ் கோட்டிலேயே நின்றது. ஊறுகிற அளவுக்கு இறைத்தோம், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு மேல் குழாயில் தட்டல் தளர்ந்தது. மூன்று தட்டுக்கும் அடுத்த மூன்றுக்கும் நடுவே வெகு நேரம் பிடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறைக்கு ஓடி நம் எஞ்சினை வண்டியில் ஏற்றி வந்தேன். மில்லுக்காரம்மா என் கையைப் பிடித்து, "தண்ணிதான் ஏறலையேப்பா, அஞ்சும் நல்லா இழுக்குது, காலையில பெருசு வந்துடும், இதோட விடு" என்றாள். "காலை வரைக்கும் உள்ள இருக்கிறவங்க தாங்கணுமே" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்.

ஆறாவதையும் கட்டினேன். தண்ணீர் இறங்கியது. மணிக்கு ஒரு சாண். சனங்கள் கை தட்டினார்கள். குழாயில் நானே தட்டி மாப்பிள்ளைக்குச் சேதி சொன்னேன். பதிலுக்கு மூன்று தட்டு வந்தது. வலுவாக வந்தது.

இனி எழுதப்போவது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நம் எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ் மூன்று மாதமாகவே தேய்ந்திருந்தது. மாற்றச் சோம்பல்பட்டு, உள்ளே ஒரு தகரத் துண்டைச் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் அவனைப் பட்டறைப் பக்கமே சேர்த்திருக்க மாட்டேன். கட்டும்போது அது என் நினைவில் இருந்தது தங்கச்சி. மறந்து செய்யவில்லை. ஒரு நாள் தாங்கும் என்று நினைத்துச் செய்தேன்.

ஐந்து மணிக்கு அது இறுகி நின்றது. மற்ற ஐந்தும் சேர்ந்து இழுத்த இழுப்பில் ஷாஃப்ட் இரண்டாக முறிந்தது. நானும் சுரங்கக் கம்பெனி வெல்டரும் அதை ஒட்டவைத்து ஐந்தையும் மறுபடி ஓட்ட நான்கு மணி நேரம் ஆயிற்று. முறிந்த பிறகு குழாயில் தட்டல் வேகமாகக் கேட்டது. எண்ணிக்கை இல்லாமல் தட்டினார்கள். அரை மணி நேரம் இருக்கும். அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் பெரிய எஞ்சின் வந்து இறைத்ததும் உள்ளே போனவர்கள் மேட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பார்த்திருக்கிறார்கள். பகல் முழுக்க அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேதான் நின்றிருக்கிறது. விடியும் வரை உட்கார்ந்திருக்கலாம். அந்த ஐந்தே போதும்.

விசாரணையில் எதிர்பாராத பழுது என்று எழுதிக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் என் படம் வந்தது. டீக்கடையில் எழுந்து நின்று இடம் தருகிறார்கள். மேஸ்திரி மனைவி பட்டறைக்கு வந்து, "நீங்க பட்ட பாட்டை நாங்க எல்லாரும் பார்த்தோம்ணே" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அன்று பூட்டிய பட்டறையை இன்னும் திறக்கவில்லை. எஞ்சின் சத்தம் எங்கே கேட்டாலும் அது எப்போது நிற்கும் என்று காத்திருக்கிறேன்.

மேஸ்திரி வீட்டுக்கும் வெடிக்காரர் வீட்டுக்கும் போய்ச் சொல்லத்தான் வேண்டும். முதலில் உனக்குச் சொல்லாமல் அவர்கள் வாசலை மிதிக்க மனம் வரவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் நாளைக் கணக்குப் பண்ணி, அதற்கு மறுநாள் போவேன்.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். அதைக் கேட்பது உன் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும். பாப்பா எங்கே வளர வேண்டும் என்பதை நீ சொல். உன் நாத்தனார் வீட்டில் விடு என்றாலும் மறு பேச்சில்லாமல் கொண்டு போய் விடுகிறேன். அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மாமா, மாமா என்று பின்னாலேயே வருகிறாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும். எனக்கு எழுத உனக்கு மனம் வராது என்று தெரியும். எழுத வேண்டாம். உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் உறையை ஒட்டி அனுப்பு. மேலே உன் கையெழுத்தில் என் விலாசம் இருந்தால், அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்